பன்னிரண்டு காலிக் குழிகள்

அக்டோபர் கடைசி வாரம்.
குல்டீகாவுக்கு வெளியே ஐனார்ஸின் நாற்றுப்பண்ணை.
கறுப்புத் தொட்டிகளில் அறுபது லிண்டன் கன்றுகள்
முதுகு விறைத்து நிற்கின்றன.
எனக்கு முப்பத்தொன்று வேண்டும்.
நகராட்சிக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"உயரமானதா எடுத்துக்கோ, ஜித்ரா.
எப்படி வளர்ந்திருக்கு பார்!"

வளர்ந்திருக்கிறது, சரி.
மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டினால்
நானும்தான் நேராக நிற்பேன்.
கட்டை அவிழ்க்கிறேன்.
கன்று மெல்லச் சாய்ந்து
என் தோளில் தலை வைக்கிறது.
வேண்டாம்.

ஈரத்தில் மண்டியிடுகிறேன்.
மரம் வாங்க வந்தவள் அண்ணாந்து பார்க்கக் கூடாது.
தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்
எக்காளத்தின் வாய்போல விரிய வேண்டும்.
கம்பம் நட்டதுபோல் நேரே இறங்கினால்
யாரோ அதைக் கழுத்துவரை புதைத்திருக்கிறார்கள்.
விரலை விடுகிறேன்.
ஒரு விரற்கடை, இரண்டு, நான்கு.
வேண்டாம்.

அடுத்தது. தொட்டியைச் சாய்த்து உருவுகிறேன்.
உள்ளே வேர்கள்
போக இடமில்லாமல்
போன இடத்துக்கே போய்க்கொண்டிருக்கின்றன.

"வெளியில எடுத்து நட்டா சரியாயிடாதா?"
மோத்ரிஸ் கேட்கிறான். லாரி ஓட்ட வந்தவன், புதிது.
ஆகாது. பிளாஸ்டிக் போனாலும்
வட்டம் போவதில்லை.
தண்டு பருக்கும், வேரும் பருக்கும்,
பிறகு ஒன்றின் கழுத்தில் இன்னொன்று

உனக்கெப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.
கேட்காமலே சொல்கிறேன்.

பதினோரு வருடம் முன்பு
பள்ளித் தெருவுக்கு நான்தான் தேர்ந்தெடுத்தேன்.
எல்லாம் உயரமானவை.
நட்ட அன்றே நிழல் விழுந்தது என்று
மேயர் கைகொடுத்தார்.
போன மார்ச்சில் புயல்கூட இல்லை,
துணி உலர்த்துகிற காற்று.
ஒன்று சாய்ந்து
மருந்துக்கடை விஸ்மாவின் நீல வேன்மேல்
படுத்துக்கொண்டது.
வேர்க்கட்டியைப் புரட்டிப் பார்த்தோம்.
தொட்டியின் உருவம் அப்படியே இருந்தது,
அடியில் இருந்த விளிம்புகூட.
விஸ்மா திட்டியிருக்கலாம்.
எனக்கொரு கோப்பை தேநீர் கொண்டுவந்து தந்தாள்.

மற்றவற்றை வெட்டி எடுக்க ஆறு நாள் ஆனது.

இருட்டுவதற்குள் பத்தொன்பது தேறின.
அதற்குமேல் ஒன்றும் இல்லை,
இரண்டாம் முறை சுற்றிவந்தும் இல்லை.
ஐனார்ஸ் மனத்துக்குள் கணக்குப் போடுகிறான்;
நாற்பத்தொன்று போச்சு என்பது முகத்தில் தெரிகிறது.
பிறகு என் கத்தியை வாங்கி
நான் ஒதுக்கிய ஒன்றை அவனே கீறிப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"போன வருஷமே பெரிய தொட்டிக்கு மாத்தியிருக்கணும்."
"ஆமாம்."
கத்தியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

நடுகிற நாளில்
நான் கத்தியது ஒன்றே ஒன்றுதான்:
ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும்.
ஓரத்து வேர்களைச் சீவினோம்.
மண்வெட்டிக் காம்பைக் குழியின் குறுக்கே போட்டு
வேர்க்கழுத்து அதற்குச் சற்று மேலே வரும்வரை
மூன்று முறை தூக்கி, மூன்று முறை இறக்கி,
மோத்ரிஸுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.
ஒவ்வொன்றுக்கும் நான்கு வாளி தண்ணீர்.
பார்த்தால் சின்னப் பிள்ளைகள்போல் இருந்தன.
ஒரு சிட்டுக்குருவி உட்காரக்கூட
யோசித்துத்தான் உட்கார்ந்தது.

மீதிப் பன்னிரண்டு குழிகளையும்
நான்கு குச்சியும் சிவப்பு நாடாவும் கட்டி விட்டுவைத்தேன்.
பலகையில் முப்பத்தொன்று என்றிருக்கிறது.
எண்ணிப் பார்த்த ஏழு பேர்
கையெழுத்திட்டுப் புகார் அனுப்பியிருக்கிறார்கள்.
ஒரு குழியில் யாரோ
மூன்றுகால் நாற்காலி ஒன்றை நட்டிருந்தார்கள்,
அதுவும் கொஞ்சம் ஆழமாக.
ஏப்ரலில், என்று பதில் எழுதினேன்.
எந்தப் பண்ணையிலிருந்து என்று எழுதவில்லை.
எனக்கே தெரியாது.

டிசம்பரில் பனி விழுந்து
குழிகள் நிறைந்தன.
காலையில் போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டும் சரியாகத் தரைமட்டத்துக்கு,
ஒரு விரற்கடை
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.