கை வைக்கிறவள்

ஞாயிறு மதியம், பொம்மனஹள்ளி.
மூன்றாவது மாடி, ஆறு கட்டில், ஒரு ஜன்னல்.
சுகாந்தி தன் போனைத்
தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் சாய்த்து வைக்கிறாள்.
பனி பெய்கிறது அதில்.
உறைந்த ஆற்றின்மேல்
கறுப்பு அங்கிக்காரி ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள்.
எதிரே முப்பது பேர்.
"பாவம்" என்கிறேன்.
"யாரு?"
"அந்த முப்பது பேரு."

படம் பேசுவது சீனம்.
கீழே ஓடுவது ஆங்கிலம்;
ஒரு சொல்லை நான் எழுத்துக்கூட்டுவதற்குள்
இரண்டு தலை உருண்டுவிடும்.
அதனால் வசனம் எங்கள் பொறுப்பு.
அங்கிக்காரிக்கு நான் தமிழில் பேசுவேன்,
தளபதிக்கு அவள் ஒடியாவில்.
நடுவே சமாதானம் சொல்ல வரும் மொட்டைச் சாமியாருக்கு மட்டும்
இருவரும் சேர்ந்து
எங்கள் அரைகுறைக் கன்னடத்தைக் கொடுத்திருக்கிறோம்.
"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்கிறார் அவர்.
யார் கேட்கிறார்கள்?
முதல் வெட்டே அவருக்குத்தான்.

என் தொழில் கை வைப்பது.
சிரிக்காதீர்கள். நாலாவது லைனில்
சட்டைக்குக் கை வைக்கிறவள் நான்.
மணிக்கு அறுபது சட்டை, நூற்றிருபது கை.
வாளைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்,
என் கண் போவது அவள் அக்குளுக்கு.

ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி
மறுகையைப் பின்னால் வீசி
உறைந்து நிற்கும் படகுக்குப் படகு தாவுகிறாள்.
நாங்கள் தைக்கும் சட்டையாக இருந்தால்
முதல் படகிலேயே விலாவரை விட்டிருக்கும்.
நிறுத்தச் சொல்லி, விரலால் விரித்துப் பார்த்தேன்.
அக்குளில் ஒரு துண்டு.
உள்ளங்கை அகலம், குறுக்கில் வெட்டி,
வெளியே தெரியாமல் இணைத்திருக்கிறாள் எவளோ.
தெரியாததைத்தான் பார்த்தேன் என்று வையுங்கள்.
அந்த எவளோ இல்லாமல்
பறந்துவிடுவாளா இந்த மகராசி?

தப்பும் பிடிப்போம்.
முழங்கைவரை கிழிந்து தொங்கிய தளபதியின் இடது கை
குதிரையைவிட்டு இறங்கியதும் முழுசாக இருக்கிறது.
"ரிஜெக்ட்!" என்று கத்தினாள் சுகாந்தி,
அச்சு அசலாக எங்கள் செக்கிங் மேடத்தின் குரலில்.
எதிர்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ரத்னவ்வா
வாரிச் சுருட்டி எழுந்து
எந்த லைன், எந்த லைன் என்றாள்.

ஒருநாள் எனக்கு ஊசி முறிந்தது.
இரண்டு துண்டு கிடைத்தது, நுனி கிடைக்கவில்லை.
நுனி வரும்வரை லைன் நின்றது.
காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினோம்,
தைத்த சட்டையை உதறினோம்,
என் தலைமுடியைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள்.
எள்ளளவு இரும்புக்கு அத்தனை பயம்.
இங்கே என்னடாவென்றால்
பாதி வாள் பனியில் செருகிக் கிடக்கிறது,
குனிந்து எடுக்க ஒருவர் இல்லை.
அந்த ஊதாரித்தனம்
எனக்கு எவ்வளவு பிடிக்கிறது தெரியுமா.

கடைசிச் சண்டை.
தளபதி மண்டியிட்டுக் கிடக்கிறான்.
அவள் பாய்மரத்தின் உச்சியிலிருந்து எழும்பி,
இரண்டு கையும் இரண்டு புயலாக விரிந்து,
இறங்கும் அந்த நொடியில்
போன் செத்தது.
கரண்டும் இல்லை.
சுகாந்தி ஒடியாவில் சொன்னது
வசனமில்லை.

திங்கள் காலை போனுக்கு உயிர் வந்தது,
அதே நொடியில், அதே அந்தரத்தில்.
பார்க்க நேரமில்லை, வேன் ஹாரன் அடித்துவிட்டது.
கேட்டில் சோதனை. போன் உள்ளே போகக் கூடாது.
நாற்பத்திரண்டாம் நம்பர் லாக்கர்.

இப்போது மணி மூன்று.
பக்கத்து லைனில் சூப்பர்வைசர் யாரையோ திட்டுகிறான்.
அடுத்து இந்தப் பக்கம்தான் வருவான்.
வரட்டும்.
பெடலை மிதிக்கிறேன்,
இடது கை, வலது கை, இடது கை.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரும்புப் பெட்டியின் இருட்டில்
ஒருத்தி வாளோங்கித் தொங்குகிறாள்,
ஒரு தையலும் விடாமல்.
ஐந்தரைக்கு நாங்கள் போய்த்தான்
இறக்கிவிட வேண்டும்.