பின்விளைவுகள்

படிவம் ஸ்பானிய மொழியில், மூன்று பக்கம்.
லா பாஸிலிருந்து வந்த டாக்டர் வல்திவியேசோ
வானிலை அறிக்கை போல வாசிக்கிறார்.
அதை அய்மாராவில் சொல்வது என் வேலை.
சம்பளச் சீட்டில் அந்த வேலை இல்லை,
செவிலி என்று மட்டும் இருக்கிறது.

தொப்பியை மடியில் கவிழ்த்து
உட்கார்ந்திருக்கிறார் கசிமிரோ சம்பி.
இரண்டு கண்ணிலும் புரை.
வலக்கண் முற்றிவிட்டது,
விளக்கடித்தால் அவித்த முட்டை.

முதல் பக்கம் எளிது.
கலங்கிய வில்லையை எடுப்போம்,
தெளிந்ததை வைப்போம்.
தலையாட்டினார்.

இரண்டாம் பக்கம், பின்விளைவுகள்.

எங்கள் பேச்சில்
கண்ணுக்கும் முன்னுக்கும் ஒரே சொல்.
நடந்து முடிந்தது கண்ணெதிரே கிடக்கிறது.
நடக்கப்போவது முதுகுக்குப் பின்னால்.
ஆகவே கையைத் தோளுக்கு மேலே வீசி
அங்கே இவையெல்லாம் நிற்கலாம் என்றேன்:
கிருமி, ரத்தக்கசிவு,
விழித்திரை பிரிந்துகொள்வது,
இருக்கிற வெளிச்சமும் போய்விடுவது.

கசிமிரோ நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார்.
சுவரில் தீயணைப்பான் தொங்கியது.
'சிவப்பாக ஒன்று தெரிகிறது' என்றார்.
நான் சிரித்தேன்.
ஏனென்று தெரியாமல் டாக்டரும் சிரித்தார்.

ஆயிரத்தில் ஒருவருக்கு, என்றார் டாக்டர்.
சொன்னேன்.
'யார் அந்த ஒருவர்?'
அது கணக்கு, ஆள் இல்லை, என்றார் டாக்டர்.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.
எனக்கு அந்த ஆளைத் தெரியும்.
பெனிதா போமா, இடக்கண்.
போன மார்ச், இதே நாற்காலி, இதே மைப்பெட்டி.
'ஒன்றும் ஆகாது' என்று
படிவத்தில் இல்லாத ஒரு வரியை
நான்தான் சேர்த்துச் சொன்னேன்.
அன்பு என்று நினைத்துக்கொண்டேன் அதை.
இப்போது வியாழச் சந்தையில் வெங்காயம் விற்கிறாள்.
சில்லறை எண்ணும்போது தலையைச் சாய்க்கிறாள்.
என்னைத் திட்டியதில்லை.
எடை போட்ட பிறகு
ஒரு வெங்காயம் கூடுதலாகப் போடுகிறாள்.

பெயரைச் சொல்லவில்லை.
'ஒருவரைத் தெரியும், இந்த ஊர்தான்,
ஒரு கண் போயிற்று' என்றேன்.
என்ன சொன்னாய் என்றார் டாக்டர்.
நீங்கள் சொன்னதைத்தான், என்றேன்.

நெடுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்:
'ஊதலாமா?'

டூபா.
பித்தளைக் குழுவில் முப்பத்தொரு வருடம்.
திருவிழாவுக்குப் பதினெட்டு நாள்,
மூன்று இரவு ஆட்டம்,
கன்னம் பலூனாக, கழுத்து நரம்பு கயிறாக.

படிவத்தில்
குனியாதே இருந்தது, கனம் தூக்காதே இருந்தது,
கண்ணைக் கசக்காதே இரண்டு இடத்தில் இருந்தது.
ஊதாதே இல்லை.
டாக்டர் பேனாவை மூடினார்.
வந்ததிலிருந்து கண்ணையே பார்த்தவர்
இப்போதுதான் ஆளைப் பார்த்தார்.
என்னைக் கேட்காமல், தானே,
கன்னத்தை உப்பிக் காட்டி
விரலை ஆட்டினார், இல்லை என்று.
ஆறு விரல் காட்டினார்.
'வாரம்' என்றேன்.

'அப்படியானால் திருவிழா முடிந்த பின்.'
பின் என்றபோது அவர் கையும்
தோளுக்கு மேலே போயிற்று.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம்.
'மறுத்தார்' என்பதில் பேனா இறங்கப்போனது.
அது இல்லை டாக்டர்,
இன்னும் இல்லை என்றுதான் சொன்னார்.
அதற்குக் கட்டம் இல்லையே.
ஓரத்தில் எழுதுங்கள்.
எழுதினார், கோணலாக,
தேதி போட மறந்து, பிறகு போட்டார்.

கசிமிரோ எழுந்து
கதவென்று நினைத்து
மருந்து அலமாரியைத் திறந்தார்.
முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன்.
வாசலில் நின்று கேட்டார்:
'அந்த ஒருவர்
மற்றக் கண்ணுக்கு வருவாரா?'

வந்தார், என்றேன். நேற்று.
மூன்று பக்கமும் வாசிக்கச் சொன்னார்,
இரண்டு தடவை.