வரையாத பாதி

திரையில் சுடரின் ஒரு பாதிதான் இருக்கிறது.
மறுபாதியை ஒடீல் வரையவில்லை.
அச்சைச் சுற்றிச் சுழற்றினால்
அதுவும் இதுவே என்று
முதல் வரியிலேயே எழுதிவிட்டாள்.
பல லட்சம் வலைக்கண் மிச்சம்,
எத்தனையோ இரவு மிச்சம்.

ஷெர்ப்ரூக்கில் மார்ச் மாதம்.
மகோக் ஆற்றில் பனிக்கட்டி முறிகிற சத்தம்
மூன்றாம் மாடிவரை வருகிறது.
கணினிக்குள் ஆர்கான்
பன்னிரண்டாயிரம் டிகிரியில்
மூச்சுக்கூட விடாமல் நிற்கிறது.

நாற்பது மைக்ரான் சிர்கோனியாத் துகள்
பக்கவாட்டில் நுழைய வேண்டும்,
உருக வேண்டும்,
விசையாழித் தகட்டில்
சொட்டாய் விழுந்து பரவ வேண்டும்.
அதற்குள்ள ஆயுள்
ஓரிரு மில்லிநொடி.
தங்கினால் ஆவி.
விளிம்போடு போய்விட்டால் நடுவே கல்.
ஒரு சோற்றைப் பதம் பார்த்துப்
பானையை இறக்க முடியாத சமையல்.
அவள் ஆறாயிரம் சோற்றைப் பார்த்தாள்.
எல்லாம் வெந்திருந்தன.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு
பட்டறையிலிருந்து ரெஜான் வந்தார்.
கழுத்தில் காதடைப்பான்,
பூட்ஸில் சாலை உப்பும் சேறும்.
ஒன்றும் சொல்லாமல்
விசைப்பலகை மேலேயே வைத்தார்
ஒரு செப்பு நேர்மின்வாயை.

உள்ளே, ஒரு பக்கம் மட்டும்
நகம் நுழையும் குழி.
எதிர்ப்பக்கம்
கடையில் வாங்கிய அன்றுபோல் மின்னியது.

"நாப்பது மணி நேரம் ஓடிச்சு.
வில்லுக்கு இந்த இடம் பிடிச்சுப்போச்சு."

ஒடீல் சுண்டுவிரலை உள்ளே விட்டுத்
தடவினாள். எடுத்தாள். மறுபடி விட்டாள்.
அவள் சமன்பாட்டில் மின்வில்
ஓரிடத்தில் காலூன்றியதே இல்லை.
வளையமாய், எல்லாப் பக்கமும் ஒரேபோல்
சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது,
கல்யாண வாசலில்
எல்லோரிடமும் ஒரே சிரிப்பு சிரிக்கிறவர் மாதிரி.

"உன் படத்துல இது எங்கே?"

"நான் வரையாத பாதியில."

ரெஜான் சிரிக்கவில்லை.
வில் அந்தப் பக்கம் சாய்ந்தபோது
இந்தப் பக்கம் நுழைந்த தூள் என்ன ஆகியிருக்கும்
என்று இருவருக்கும் தெரியும்.
சோதனைத் தகட்டில்
தூசியாய்த் தட்டினாலே உதிர்கிறது அது,
அவள் வெந்ததென்று எண்ணிவைத்தது.

அவர் போனபின்
முதல் வரியை அழித்தாள்.
முழு வட்டம். இரண்டு கோடி வலைக்கண்.
பொதுக் கணினியில் ஒன்பது நாள் வரிசை.
வாடிக்கையாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தில்
"அன்புடையீர்" வரை வந்து நின்றாள்.

பத்தாம் நாள் காலை
வளையம் வளையமாகவே ஓடி,
நாலாயிரமாவது படியில்
லேசாகச் சாய்ந்து
ஒரு பக்கம் கால் வைத்தது.

எந்தப் பக்கம் என்று
அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை.
பதினாறாம் தசமத்தில் தள்ளிவிட்ட
ஏதோ ஒரு மிச்சம்
போதுமாயிருந்தது அதற்கு.

மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க
அந்தச் செப்பு.
குழி இருக்கும் பக்கம்
அவளைப் பார்த்து.