இருபத்தேழாம் அடிக்குறிப்பு

தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து இறங்கிய நாளில்
சவரிநாதன் என்னிடம் தந்தது ஒரு பீரோ சாவி.
"ஐரோப்பா உள்ளேதான் இருக்கிறது,
மழைக்காலத்தில் கொஞ்சம் பூஞ்சை பிடிக்கும்" என்றார்.

ஆண்டுக்கு இரண்டு இதழ், முந்நூறு பிரதி.
முத்தியால்பேட்டையில் அச்சு.
கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே
எங்கள் முறை வரும்.

நூற்றுப் பதினான்காம் கட்டுரை பெயரில்லாமல் வந்தது.
விதி அப்படி.
எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது,
மதிப்பிடுபவர் யாரென்று எழுதியவருக்கும்.
இரண்டு பக்கமும் தெரிந்து
வாயைக் கட்டிக்கொண்டிருப்பதற்குப் பெயர்
ஆசிரியர்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் தாண்டியவர்களின்
ஓய்வூதியச் சட்டம் பற்றிய கட்டுரை.
நம் ஊரில் சொல்தா என்போம்.
பதினான்காம் பக்கத்தில் ஒரு சொல்தாவின் விதவை வருகிறாள்.
மூன்று கோப்புகளில்
மூன்று எழுத்துக்கூட்டலில்
ஒரே மனோன்மணி.
முதலாமவளுக்கு மணமாகவில்லை,
இரண்டாமவள் பிறந்ததற்குப் பதிவில்லை,
மூன்றாமவள் இறந்துவிட்டாள் என்று
பாரிஸிலிருந்து பதில்.
மூன்று கடிதத்தையும் கையெழுத்திட்டு வாங்கியவள்
உப்பளத்தில் உயிரோடு இருந்தாள்.

"இந்தக் கடிதங்கள் எங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளன"
என்றது ஓர் அடிக்குறிப்பு.
பெயரை மறைத்தவள்
பெட்டியை மறைக்க மறந்துவிட்டாள்.

முதல் மதிப்பீட்டாளர் நான்கு வரியில் ஏற்றுக்கொண்டார்.
படித்தாரா என்பது சந்தேகம்.
இரண்டாமவர் ஏழு பக்கம் எழுதியிருந்தார்.
சொன்னதெல்லாம் சரி, அதுதான் தொந்தரவு.
ஆண்டு தவறு, சட்டப்பிரிவு தவறு,
ஓரத்தில் மட்டும் ஒரு குத்தல்:
புதுச்சேரி எப்போதிலிருந்து ஐரோப்பா?

(அந்த ஞாயிறு பிரெஞ்சுத் தேர்தல்.
என் மாடிவீட்டு அந்துவான்
முருங்கைக்காய் பையோடு வரிசையில் நின்று
ஓட்டுப் போட்டுவிட்டு வந்து
சாம்பாருக்குப் பருப்பு கடன் கேட்டார்.
இதைப் பதிலாக எழுதி அனுப்ப முடியாது.)

ஏழாம் பக்கத்தின் கடைசி வரி:
கட்டுரையாளர் துக்கத்தை ஆதாரம் என்று நினைக்கிறார்.

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு
மற்றதையெல்லாம் அனுப்பிவைத்தேன்.
ஆசிரியர் குழுவின் கூட்டக் குறிப்பில் இது கிடையாது.

கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு
இருவரையும் பார்ப்பதுண்டு.
அவர் பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே நடப்பார்,
அவள் துய்ப்ளே சிலையிலிருந்து வடக்கே.
ஒருநாள் சுண்டல்காரரிடம்
சில்லறை இல்லாமல் அவள் விழிக்க,
பக்கத்தில் நின்றவர் பத்து ரூபாயை நீட்டினார்.
"நாளைக்குத் தரேன் சார்."
"பரவாயில்லம்மா."
நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.
அன்றைக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை.

நான்கு மாதம் கழித்துத் திருத்தம் வந்தது.
ஆண்டு சரி, சட்டப்பிரிவு சரி.
முன்பு இருபத்தாறோடு முடிந்த அடிக்குறிப்புகளில்
இப்போது ஒன்று கூடியிருந்தது:
"துக்கம் ஆதாரமாகாது என்று அறிவேன்.
ஆகவே ரசீதை இணைத்திருக்கிறேன்."

நான் அழித்த வரியை
அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இணைப்பு ஆறு. கருவூல ரசீது, 1974.
நாற்பத்திரண்டு பிராங்க்.
பெயர், நான்காவது ஓர் எழுத்துக்கூட்டலில்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் மறுநாளே எழுதினார்:
"என் கடைசி வரிக்குப் பதில் கிடைத்தது. ஏற்கலாம்."
அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அச்சகத்தில் பிழை பார்க்கும் பையன் கேட்டான்,
"ஒரே அம்மா பேரு நாலு விதமா இருக்கே மேடம், எது சரி?"
நாலும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
அடுத்த வேலையை எடுத்தான்.
மணப்பெண் பெயரில் ஒரு கால் விட்டுப்போன
ஐந்நூறு பத்திரிகை.
சாயங்காலத்துக்குள் மாற்றி அடித்தாக வேண்டுமாம்.
பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.