தலையாட்டாத குழாய்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது
ரெஜிபோம் பெட்டி.
கண்டக்டர் மட்டக்களப்பு வரைக்கும்
மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம்,
யாருக்கோ கண் வைக்க என்று நினைத்து.
உள்ளே ஐஸ் பாதி தண்ணீர்.
நடுவில் சுண்டுவிரல் உயரக் குப்பி,
ஒரு மில்லிலீற்றர், அவ்வளவுதான்.
எலியில் எடுத்தது, மனிதக் கலத்துக்கு எதிரானது,
உறைய விடாதே, வெளிச்சம் காட்டாதே
என்று எழுதியிருந்தது.

பிறபொருளெதிரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
பெயரிலேயே எதிரி.
குப்பிக்குள் இருப்பது யாரையும் கொல்வதில்லை.
இலட்சம் கலத்துக்குள் புகுந்து
ரி கலத்தின் தோலில் மட்டும் இருக்கிற வாங்கியைத் தடவிப் பிடித்து
அப்படியே நிற்கும்.
நீல ஒளி பட்டால் பச்சையாகச் சொல்லும்:
இவன்தான்.

இன்றைய இரத்தம் வெல்லாவெளிப் பிள்ளையுடையது.
எட்டு மாதம். நிமோனியா மூன்றாம் தடவை.
பிறந்ததும் கையில் போட்ட ஊசிப் புண்
இன்னும் ஆறவில்லை.
தாய் கோமளேஸ்வரி லேப் வாசலில்.
"புள்ளைக்கு என்னவாம், மிஸ்?"
இன்னும் தெரியாது என்றேன்.
"விடியக்காலையே எடுத்த ரத்தமெல்லோ."

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது நிமிடம்.
ஃபிரிஜ் மீற்றர் எட்டைத் தாண்டிப் பதினொன்று.
குறித்து வைத்தேன்;
குறிக்காவிட்டாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

குழாய் மூன்று.
ஒன்றில் பிள்ளையின் இரத்தமும் எதிரியும்.
அடுத்ததில் என்னுடைய இரத்தம்,
மருந்து சூட்டில் செத்துவிட்டதா என்று பார்க்க.
மிஸ்ரியா குத்தினாள், கொஞ்சம் ஆசையாகவே.
மூன்றாவதில் திரும்பவும் பிள்ளையின் இரத்தம்,
அதே எலி, அதே பச்சைச் சாயம்,
ஆனால் மனித உடம்பில் ஒருவரையும் அறியாத எதிரி.
அதற்கு வேலை சும்மா இருப்பது.
அதுவும் எங்கேயாவது ஒட்டினால் அது பொய்.
அந்தப் பொய் எவ்வளவு என்று அளந்து
கழித்த பிறகுதான்
மற்றதை நம்பலாம்.

இருபது நிமிடம் இருட்டில் வைக்கவேண்டும்.
அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினேன்.

தொண்ணூறில்
எங்களூர் ஆம்பிளைகளை மைதானத்தில் வரிசையாக விட்டார்கள்.
ஜீப்புக்குள் சாக்குப் போட்ட தலை,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராக முன்னால் போகவேண்டும்,
இந்த மெஷினுக்குள் கலங்கள் போகிற மாதிரியே,
ஒன்றுக்குப் பின் ஒன்று.
தலை அசைந்தால் அந்தப் பக்கம்.
எங்கள் சித்தப்பா நவநீதராசாவுக்கு,
சைக்கிள் ஒட்டுக்காரர்,
அசைந்தது.
பயத்தில் அசைந்ததா,
சாக்குக்குள் ஈ போனதா,
முந்தின இரவு வாங்கிய அடியில்
கழுத்து தானாக ஆடியதா?
மூன்றாவது குழாய் அங்கே இருக்கவில்லை.

"நேரம், அக்கா" என்றாள் மிஸ்ரியா.

மூன்றாவது: புள்ளியெல்லாம் இடது மூலையில்.
பொய் நூற்றுக்கு ஒன்றும் இல்லை.
என்னுடையது: எழுபத்திரண்டு, பச்சை.
மருந்து உயிரோடுதான் இருக்கிறது.
பிள்ளையுடையது
இரண்டு.
சூடடித்து அள்ளின களத்தில்
மிஞ்சிக் கிடக்கிற மணி அளவு.

திரும்பச் செய்தேன். இரண்டு.
கையெழுத்து வைக்க முதல் இன்னொரு தடவை.
மருந்து ஏன் இவ்வளவு குறைந்தது என்று
ஸ்டோர்ஸ் குலேந்திரன் நாளைக்குக் கேட்பார்.
கேட்கட்டும்.

டொக்டர் கொழும்புக்குக் கோல் எடுக்கிறார்.
என்பு மச்சை மாற்றவேண்டி வரும்,
தமையன் ஒருவன் இருக்கிறானாம்,
பொருந்தினாலும் பொருந்தும்.
அவர் வந்து சொல்லும் வரைக்கும்
கோமளேஸ்வரி என் முகத்தையே பார்க்கிறாள்.

தலையை
அசையாமல் பிடித்துக்கொண்டு
அவள் பக்கத்தில் போய் இருக்கிறேன்.