நிற அட்டை

"இது வேலை செய்யுமா?"
பஹாஹீல் மருந்துக்கடையில்
நாளைக்கு நாலு பேராவது கேட்கிறார்கள்,
அரபியில், மலையாளத்தில், தகலோகில்.
வாயைத் திறக்காமல் தலையாட்டுவேன்.
பெட்டியில் சிரிக்கிற பெண்ணுக்கு
எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை.
ஒன்பது தினார், எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.

என் பல்லில் காவி வரிவரியாய் ஓடும்.
வெற்றிலையா, பீடியா என்று
விசா மருத்துவத்தில்கூடக் கேட்டார்கள்.
தண்ணீர் என்றேன்.
பால்பல் விழுந்து முளைக்கிற வயதில்
ஆழ்துளைக் குழாயில் குடித்தது.
எழுதிக்கொண்டவர் நம்பவில்லை.

காலாவதி நெருங்கிய பெட்டி ஒன்றைப்
பாதி விலைக்குத் தந்தார் மேலாளர் குரியச்சன்.
"நீயே போட்டுப் பார், விற்கத் தைரியம் வரும்."

பதினான்கு தடவை. தடவைக்கு அரை மணி.
மங்காஃப் அறை, அடுக்குக் கட்டில், மேல்தட்டு.
பிசுபிசுப்புப் பட்டையை மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டி
எச்சிலை விழுங்காமல் படுத்திருப்பேன்.
வீட்டு அழைப்பு வரும் நேரமும் அதுதான்.
"ம்" என்பேன். "ம்ம்" என்பேன்.
கோபம் என்று நினைத்துக்கொண்டாள் செண்பகவல்லி.
கட்டன் சாயா கூடாது. மஞ்சள் போட்ட குழம்பு கூடாது.
வருவேல் எனக்கென்று தனியே
சோறும் தயிரும் எடுத்துவைத்தான்,
பிள்ளை பெற்றவளுக்கு வைப்பதுபோல.

ஐந்தாம் நாள், குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு.
மின்கம்பியைக் கடித்த மாதிரி
பல்லிலிருந்து காதுக்கு ஓடியது.
அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பெட்டியின் கணக்கில் பதினான்கு,
காலண்டரில் இருபத்துமூன்று.

முடிந்த இரவு
நிற அட்டையைப் பல்லோரம் பிடித்து
குழல்விளக்கின் கீழ் பார்த்தார்கள் ஐந்து பேரும்.
வெளுத்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.
இரண்டு படி. வருவேல் கணக்கில் மூன்று.
ஆனால் காவியைச் சுற்றி வெளுத்திருந்தது.
காவி அப்படியே.
சுண்ணாம்பு அடித்த பிறகு
சுவரில் கசிவு எழுந்து வருமே, அப்படி
இப்போதுதான் நன்றாகத் தெரிந்தது.

பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில்:
நீர்க்கறை, நிரப்பிய பல், கட்டிய பல்
இவற்றுக்குப் பலன் உறுதியில்லை.
எத்தனை பெட்டிக்கு விலைச்சீட்டு ஒட்டியிருப்பேன்,
சரியாக அந்த வரியின் மேல்.

நேற்று கடை அடைக்கிற நேரம்.
சாரம் கட்டும் கம்பெனிச் சீருடை,
புருவத்தில் சிமெண்டு.
உள்ளங்கையால் வாயை மறைத்தபடி
பெட்டியை எடுத்தான் ஒருவன்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
"பென்னாகரமா?"
"பாலக்கோடு பக்கம்ணே."
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
"வேலை செய்யுமாண்ணே?"

இரண்டு வரிசையும் தெரிய
வாயை விரித்துக் காட்டினேன்.
வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னான்.
திரும்பினேன்.
அவன் கை மெல்ல இறங்கியது.

பிரஷ் ஒன்று மட்டும் வாங்கிப் போனான், முந்நூறு ஃபில்ஸ்.
பெட்டியை அடுக்கில் திரும்ப வைத்தேன்,
சீட்டைக் கிழித்துவிட்டு, அடிப்பக்கம் முன்னால் தெரிய.

காலையில் குரியச்சன் அதை நேராக்கி,
புதுச் சீட்டு ஒட்டியிருந்தார்.