நான்காவது நிமிடம்

நாவலில் அவளுக்கு ஒன்பது வரிகள்.
மூன்றாம் மாடி ஜன்னல், ஜெரேனியத் தொட்டி,
தண்ணீர் ஊற்றுகிறாள். அவ்வளவுதான்.
சாயப்பட்டறைக் கால்வாயில் மருந்துக்கடைக்காரர் மிதக்க,
இன்ஸ்பெக்டர் வூட்ஜ் நகரத்தையே சல்லடை போட்டுச் சலிக்க,
அவள் ஊற்றுகிறாள்.
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில்
அந்தத் தண்ணீர் மொத்தமும் திரும்பி வந்து
நம் முகத்தில் அடிக்கும்.

எழுதியவர் லூதமிர் கெம்பா,
ரயில்வேயில் சரக்குக் கணக்கர்.
எந்தப் பெட்டியை எந்த நிலையத்தில் கழற்றுவார்கள் என்பது
அவருக்கு மனப்பாடம்.

என் எடிட்டிங் மேசையில் அது நிற்கவில்லை.
எழுத்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும்.
முகத்தை எங்கே மறைப்பது?
ஜன்னலில் நிற்பவள் பேர்போன நடிகை.
பூவுக்குத் தண்ணீர் ஊற்றவா இவ்வளவு சம்பளம் என்று
பின்வரிசைப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.
பெயர் தெரியாத ஒருத்தியை நிறுத்திப் பார்த்தோம்.
கடைசியில் அவள் திரும்பியபோது
"யார் இது?" என்றார் ஆபரேட்டர்.

பிப்ரவரி. வெந்நீர்க் குழாய் செத்து நான்கு நாள்.
கையுறையின் விரல்நுனிகளை நறுக்கிவிட்டு
ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
ஸீமோவித் சிகரெட்டை என் சாசரில் அணைத்தார்.
"கடைசிச் சுருளை முதலில் போடு, ஹால்ஷ்கா."

போட்டேன்.
நான்காவது நிமிடத்தில் கொன்றாள்.
ஐந்தாவதில் கை கழுவினாள்.
ஆறாவதில் அதே ஜெரேனியம், அதே தண்ணீர்.
ஒரு ஃபிரேமும் புதிதில்லை.
ஆனால் இப்போது இன்ஸ்பெக்டர் அவள் வீட்டில் தேநீர் குடிக்கையில்
என் பல் கூசியது.
'யார்' எழுந்து போன நாற்காலியில்
'எப்போது' வந்து உட்கார்ந்துகொண்டது,
கோட்டைக் கழற்றாமல்.

நிறையப் போனது.
சகோதரர்களின் பாகப்பிரிவினை, இரண்டு அத்தியாயம்.
நம்மை ஏமாற்றவென்றே வைத்த ஒரு குடை.
செத்தவரின் நாய்.
நாய்க்கு மட்டும் சண்டை போட்டேன்.
"அது இருந்தால் அரங்கம் கொலைகாரியை மறந்துவிட்டு
அதற்குச் சோறு யார் வைப்பார்கள் என்று கவலைப்படும்."
சரிதான்.
ஆணியில் தொங்குகிறது,
பதினோரு அடி, கதவைப் பார்த்தபடி.

கெம்பா வந்தார்.
ஈரத் தொப்பி மடியில்.
நான்காவது நிமிடத்தில் தொப்பி விழுந்தது. எடுக்கவில்லை.
விளக்கு வந்ததும்,
"என் இருநூற்றுப் பதின்மூன்று பக்கங்கள்?"
ஸீமோவித் தீப்பெட்டி தேடப் போனவர்தான்.

பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்,
அந்தத் தேநீரை இன்னொரு தடவை காட்ட முடியுமா என்றார்.
மூன்று தடவை ஓட்டினேன்.
அவள் சர்க்கரையை நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறார்.
ஒரு நொடி, உண்மையாகவே, அவளுக்கு வருத்தம்.
"இதை நான் எழுதவில்லை."
"எழுதினீர்கள். நாற்பத்தொன்றாம் பக்கம்.
'சர்க்கரை வேண்டாம் என்றார்.'"

சிரிக்கப் பார்த்தார்.
"அவள் ஏன் கொன்றாள் என்று எனக்குத் தெரியாது, பானி ஹால்ஷ்கா.
எப்போது சொல்வது என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது."

குனிந்து தொப்பியை எடுத்தவர்
ஆணியில் தொங்கியதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
"நாயா?"
"நாய்."
"இதற்கு எலும்பு வைக்க மாடியிலிருந்து யாரோ இறங்கி வருவார்களே,
நூற்றெழுபதாம் பக்கத்தில். அதைப் படமெடுக்கவில்லையா?"

எந்த மாடி என்று நான் கேட்கவில்லை.
வரிகள் ஒன்பதல்ல, பத்து.